வரி ஒஸ்லோவில், வாழ்க்கை வடக்கில்

கலியாணம் முடிந்து நோர்வேக்கு வந்த நான் குடும்பம் நடத்தத் தொடங்கியது ஒஸ்லோவில் அல்ல. நாட்டின் வடக்கு ஓரத்தில், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். என் கணவர் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். நானும் அதே தொழிற்சாலையில் சேர்ந்து மீன் வெட்டினேன். இரண்டு மகள்மாரும் அங்கேதான் பிறந்தார்கள். குளிரில் என் மணிக்கட்டுகள் விறைத்துப்போய் மடக்க முடியாமல் வந்தபோது, இந்த வேலையை விடு என்றார் மருத்துவர். அந்த ஊரில் வேறு வேலை இல்லை. ஒஸ்லோவில் நகரசபையின் மழலையர் பள்ளி ஒன்றில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. பிள்ளைகளோடு நான் முன்னால் போவது, கோடைக்குள் அவர் வந்து சேர்வது என்று பேசிக்கொண்டோம். ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் வீடு எடுத்தோம்.

அந்தக் கோடைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த கோடைக்கும் வரவில்லை. தொழிற்சாலையில் அவரை மேற்பார்வையாளர் ஆக்கியிருந்தார்கள். அங்கே கடைக்குப் போனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் சொல்வார்கள். "ஒஸ்லோவுக்கு வந்தால் நான் ஆர்? ஆயிரத்திலை ஒரு ஆள்" என்று தொலைபேசியில் சொன்னார். கோடையிலும் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கும் வந்தார். வரும்போது கருவாடு கொண்டுவருவார். போகும்போது பிள்ளைகள் வாசல்வரை வந்து கையசைத்துவிட்டு உடனே உள்ளே போய்விடுவார்கள். பழகிவிட்டது.

நோர்வேயில் எங்கள் சம்பள வரியில் ஒரு பங்கு நாம் வசிக்கும் நகரசபைக்குப் போகிறது. கொம்யூன் என்போம். நாட்டின் வடக்கு ஓரத்தில் வசிப்பவர்களுக்கு வரிச் சலுகையும் உண்டு. ஆனால் கலியாணமானவர் எங்கே வேலை செய்தாலும், மனைவியும் பிள்ளைகளும் இருக்கும் வீடுதான் அவருடைய வீடு என்று குடிப்பதிவு அலுவலகத்தார் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே என் கணவர் வருடம் முழுவதும் வடக்கில் பனி தள்ளிக்கொண்டு, புருசெத்தில் என்னோடு வசிப்பவராக ஒஸ்லோவுக்கு வரி கட்டினார். முதலில் அதைச் சொல்லிச் சிரிப்பார். "நான் கட்டுற வரியிலைதான் உமக்குச் சம்பளம், தெரியுமோ?"

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வடக்கில் ஆட்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். எங்கள் மூத்தவள் எழுத்துப் படித்த பள்ளிக்கூடத்தை மூடுவதைப் பற்றிக் கொம்யூனில் பேச்சு வந்தது. அந்த ஊர் மேயர் கடை வாசலில் நின்று, இங்கே வேலை செய்கிறவர்கள் இங்கேயே பதிந்துகொள்ளுங்கள், உங்கள் வரி இந்த ஊருக்கு வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாராம். என் கணவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

அந்த நத்தாருக்கு வந்தபோது, பிள்ளைகள் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், அடுப்படிக்கு வந்து நின்றார்.

"இஞ்சேரும், ஒரு வழி இருக்கு. பிரிஞ்சிட்டம் எண்டு பதிஞ்சால் என்னை அங்கை பதிவினம்."

"என்ன பிரிஞ்சிட்டம்?"

"பேப்பரிலை மட்டும். வேறை ஒண்டும் மாறாது."

"பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"எல்லாரும் செய்யுறதுதான்."

எல்லாரும் செய்வதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பிடிபட்டால் குற்றம். பிடிபடாவிட்டாலும், தமிழ்ச் சனம் நிறைந்த புருசெத்தில் ஒரு கதை ரயில் நிலையத்திலிருந்து எங்கள் மாடிக்கு வந்துசேர அதிக நேரம் எடுக்காது. "புருசன் விட்டுட்டாராம்" என்று பூப்புச் சடங்கு நடக்கும் சாமத்திய வீடுகளில் என் முதுகுக்குப் பின்னால் கதைப்பார்கள். நான் மாட்டேன் என்றால், அவருடைய வரி அந்த ஊருக்குப் போகாததற்கு நானே காரணம். அவர் இல்லாத வீட்டில் அவருக்காகக் காவல் இருப்பதுபோல ஏற்கெனவே ஒரு மூச்சுமுட்டல் எனக்கு இருந்தது. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அந்தக் குளிர்காலம் முழுவதும் தொலைபேசியில் அவர் வேறு எதுவும் கதைக்கவில்லை. கடைசியில் களைத்துப்போய்ச் சரி என்றேன்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் தம்பதியர் பிரிவதானால், குடும்ப ஆலோசகர் ஒருவர் முன்னால் இருவரும் போய் உட்கார வேண்டும் என்பது சட்டம். வசந்தத்தில் அவர் அதற்காகவே விமானத்தில் வந்தார். ரயிலில் போகும்போது எனக்குச் சொல்லித் தந்தார். "கனக்கக் கதைக்க வேண்டாம். ஒத்துவரேல்லை எண்டு மட்டும் சொல்லும்."

ஆலோசகர் என் வயதுப் பெண். என் கணவரின் வடக்கத்திய நோர்வேஜிய உச்சரிப்பைக் கேட்டு அவருக்கு முகம் மலர்ந்தது. தன் தாயின் ஊர் அந்தப் பக்கம்தான் என்றார். என் கணவர் பாடமாக்கியதைச் சொன்னார். அந்தப் பெண் தலையசைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் பிரிந்தால் பிள்ளைகளுக்கு என்ன மாறும்?"

ஒன்றும் மாறாது என்றேன். அதைத்தான் என் கணவரும் சொல்லச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. பல்வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவது நான், பெற்றோர் கூட்டத்துக்குப் போவது நான், சின்னவள் காய்ச்சலில் புலம்பினால் பக்கத்தில் இருப்பது நான், இனியும் நான்தான் என்றேன். அவர் கோடைக்கும் நத்தாருக்கும் வருவார், இனியும் அப்படித்தான் வருவார். அவர் வந்தால் வீட்டில் எல்லாரும் விருந்தாளி வந்ததுபோல நடந்துகொள்வோம். அவர் போன பிறகு நான் கட்டிலின் நடுவில் படுத்துக்கொள்வேன். இவை எல்லாவற்றையும் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். தமிழில் எனக்கு வந்திராது.

"அப்படியானால் நீங்கள் பல வருடங்களுக்கு முன்பே பிரிந்துவிட்டீர்கள்" என்றார் அந்தப் பெண், மெதுவாக. என் கணவர் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து ரயிலுக்கு நடந்தோம். வீதியில் பனி உருகி அழுக்காகக் கிடந்தது. நிலையத்தின் படிகளில் இறங்கும்போதுதான் கேட்டார்.

"நீர் நடிக்கேல்லை, என்ன?"

"நீங்கள் நடிச்சனீங்களோ?"

ரயிலில் எதிரெதிரே இருந்தோம். அவருடைய கைகளைப் பார்த்தேன். கத்திக் காயத் தழும்புகள் எத்தனையோ புதிதாக இருந்தன. எப்போது வெட்டியது, யார் மருந்து போட்டது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அழுகை வந்தது. அது அவருக்காகவா எனக்காகவா என்று தெரியாத அழுகை.

அதற்குப் பிறகு அவர் பிரிவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வடக்கே திரும்பிப் போனவர், இலையுதிர்காலத்தில் வேலையை விட்டுவிட்டு இரண்டு பெட்டிகளோடு புருசெத்துக்கு வந்துசேர்ந்தார். என்னைக் கேட்கவில்லை. வரவேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சின்னவள் மட்டும் அறைக்குள் வந்து மெல்லக் கேட்டாள். "அம்மா, அப்பா இனி எப்பவும் இஞ்சைதானோ?"

"ஓம்" என்றேன்.

இப்போது அவர் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிறார். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். வடக்கில் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு அவர் யன்னலடியில் போய் நின்றார், நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் சனங்கள் சந்தோசப்படுகிறார்கள், குடும்பம் ஒன்றுசேர்ந்துவிட்டது என்று. அவர் நல்லவர். குப்பை கொண்டுபோய்ப் போடுகிறார், சனிக்கிழமைகளில் மீன் குழம்பு வைக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, மன்னியுங்கோ என்று சொல்லிக்கொண்டு அந்தச் சின்ன அடுப்படியில் நடமாடுகிறோம்.

தனியாக நானே பிரிவுக்குப் பதியலாம் என்று அந்த ஆலோசகர் அன்று நாங்கள் புறப்படும்போது சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். எனக்காக ஒரு ஊரையே விட்டுவிட்டு வந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. வேலை முடிந்த பிறகு சில நாட்களில் நேரே வீட்டுக்குப் போகாமல், புருசெத்துக்கு அடுத்த நிலையமான எல்லிங்ஸ்ருட் வரை ரயிலில் போய் இறங்கி, அங்கிருந்து நடந்து வருகிறேன்.