மன்னார்குடிக்குக் கிழக்கே, பதினோரு பாட்டில் தண்ணீர்

இந்தப் பதிவை மாசி மாதமே எழுதியிருக்க வேண்டும். இப்போது ஆடி வந்துவிட்டது. மகளுக்குக் காய்ச்சல், வீடு மாற்றினோம் என்று காரணம் சொல்லலாம். உண்மையில், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இதே வேலைக்காக டெல்டா பக்கம் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று மூன்று பேர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். டெல்டா ஊர்களின் நிலத்தடி நீரைப் பொதுமக்களே அளந்து இணைய வரைபடம் ஒன்றில் ஏற்றும் தன்னார்வக் குழு இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு ஊர். பேனா அளவில் ஒரு மீட்டர் அனுப்பிவைப்பார்கள். தண்ணீரில் முக்கினால் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும். ஐந்நூறுக்குள் இருந்தால் நல்லது. ஆயிரத்தைத் தாண்டினால் வாயில் வைக்கும்போதே தெரியும். நான் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். மகள் யாழினி பிறந்ததிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். படித்த படிப்புக்கு ஒரு உபயோகம் இருக்கட்டுமே என்று பெயர் கொடுத்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டரை வயதுக் குழந்தையை இழுத்துக்கொண்டு போகத்தான் வேண்டுமா என்று அம்மா ரயில் ஏறும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

எழும்பூரிலிருந்து மன்னார்குடிக்கே நேராக இரவு ரயில் உண்டு. எனக்கு டிக்கெட் கிடைக்காததால் தஞ்சாவூரில் இறங்கி, புதிய பேருந்து நிலையத்திலிருந்து பஸ் பிடித்தேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். குழந்தையோடு போகிறவர்கள் ஜன்னல் சீட் பிடியுங்கள். சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளாகக் கிடந்தது. வாத்துக் கூட்டங்களை ஓட்டிவந்து மேயவிட்டிருந்தார்கள். வடுவூர் தாண்டும் வரை யாழினி வாத்து எண்ணிக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாது.

மன்னார்குடியில் லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டேன், எழுநூறு ரூபாய். ஊரில் என்னை வரவேற்கவிருந்த செல்வராணி, தன் வீட்டிலேயே தங்கலாம் என்று போனில் இரண்டு முறை சொல்லியிருந்தாள். அந்த ஊர்த் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்ட எனக்குப் பயம். அதைச் சொல்லாமல் வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அங்கிருந்து கிழக்கே ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ இருநூறு ரூபாய். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கழகங்களின் கொடிக்கம்பங்கள், அவற்றுக்குப் பின்னால் சுவரில் எரிவாயுக் கிணறு வேண்டாம் என்ற எழுத்து. எதற்காகப் போகிறேன் என்று ஓட்டுநர் விசாரித்தார். தண்ணீர் பரிசோதனைக்கு என்றேன்.

"மண்ணு பாத்தவங்க வந்தாங்க, கல்லு பாத்தவங்க வந்தாங்க. தண்ணிதான் பாக்கியிருந்துச்சு," என்றார். "பாத்துட்டு என்ன இருக்குன்னு சொல்லிட்டுப் போங்கம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

செல்வராணி பி.எட். முடித்துவிட்டுத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள். அவர்கள் தெருவில் பதினோரு வீடு. தாத்தா காலத்தில் கூலிக்கு நட்ட வயல்களுக்கே பல வருடப் போராட்டத்தில் பட்டா வாங்கியவர்கள். அந்த வயல்களின் ஓரத்தில் ஒரு நிறுவனம் எரிவாயு தேடிக் குழாய் இறக்கியது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு போட்ட ஆழ்துளைக் கிணறுகளில் போர்த் தண்ணீர் மஞ்சளாகிக் கரிக்கிறது என்கிறார்கள். காரணம் அந்தக் குழாய்தானா என்று எனக்குத் தெரியாது, என் மீட்டருக்கும் தெரியாது. இரண்டு முறை அதிகாரிகள் வந்து பாட்டிலில் பிடித்துப் போயிருக்கிறார்கள், பதில் வரவில்லை. இப்போது பக்கத்து வயலில் இரண்டாவது குழாய் என்று பேச்சு. பங்குனியில் நடக்கும் கிராம சபையில் காட்ட ஒரு எண் வேண்டும் என்பதற்காகச் செல்வராணி எங்கள் குழுவுக்கு எழுதியிருந்தாள். இன்னொரு பரிசோதனையா என்று சலித்துக்கொண்ட தெருவை வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான்.

சனிக்கிழமை மாலை, யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு போர்த் தண்ணீர் பிடித்துவைக்கச் சொல்லி வீட்டுக்கு ஒரு காலி பாட்டில் கொடுத்தேன். முதல் வீட்டில் காந்திமதி என்ற அம்மா டம்ளரில் தண்ணீர் நீட்டினார். குழந்தைக்குப் பையிலிருந்த பாட்டிலைக் கொடுத்துவிட்டு, டம்ளரை அப்படியே திண்ணையில் வைத்தேன். இந்த முறை எதையும் மறைக்க மாட்டோம், நாளைக் காலை சமுதாயக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் வீட்டுப் பேரைச் சொல்லி அளவைப் படிப்பேன் என்று எல்லா வீட்டிலும் சொன்னேன். மக்கள் முன்னிலையில் அறிவிக்க வேண்டும் என்பது குழுவின் விதி. வீட்டுப் பேரோடு படிப்பது என் யோசனை. அப்போது அது எனக்கு மிகவும் நேர்மையான வழியாகப் பட்டது.

ஞாயிறு காலை கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். ஆண்கள் முன்னால் நாற்காலியில், பெண்கள் சுவரோரம். வீடுகளிலிருந்து வந்த பாட்டில்களில் ஒவ்வொன்றாக மீட்டரை முக்கிப் படித்தேன். காந்திமதி அம்மா வீடு, எழுபத்திரண்டு. அடுத்த வீடு அறுபத்தெட்டு. அதற்கடுத்தது எண்பது. செல்வராணியின் சித்தப்பா சேகர் முன் வரிசையில் இருந்தார். எழுபது என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்டார். ரொம்ப நல்லதுங்க என்றேன். ஆறாவது வீட்டைப் படித்தபோது, "நம்ம தண்ணிய அடைச்சு மெட்ராசுக்கு அனுப்பலாம் போலருக்கே," என்றார். கூடம் சிரித்தது. பத்து வீடும் நூறைத் தாண்டவில்லை.

கடைசி பாட்டில் செல்வராணி வீட்டுடையது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.

"ஒங்க வீட்டுக்கு மட்டும் கடல் வந்து சேந்துருச்சா செல்வி?" என்றார் சித்தப்பா. பின்னாலிருந்து ஒருவர், டியூஷனில் உப்புக் கரைசல் சொல்லிக்கொடுத்த மிச்சமாக இருக்கும் என்றார். இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. ஒரே தெரு, ஒரே ஆழத்துல போட்ட போரு. ஒரு வீட்டுக்கு மட்டும் இப்படி வருமா?"

மீட்டரோடு வந்த சோதனைக் கரைசலில் முக்கிப் பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

"வராதுங்க," என்றேன்.

செல்வராணி சுவரோரம் இருந்த பெண்களைப் பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை. "என் பாட்டில்லதான் ஏதோ தப்பு நடந்திருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். கூட்டம் கலைந்தது. நான் அங்கேயே போனில் எல்லா அளவுகளையும் வரைபடத்தில் ஏற்றினேன். அவளுடைய எண்ணுக்குப் பக்கத்தில் 'சந்தேகத்துக்குரிய அளவு' என்ற கட்டத்தையும் தட்டினேன்.

ஆட்டோவுக்காகத் தெருமுனையில் நின்றபோது யாழினி தண்ணீர் கேட்டு அழுதாள். என் பாட்டில் காலி. காந்திமதி அம்மா உள்ளே போய் ஒரு சொம்பில் கொண்டுவந்தார். "பயப்படாம குடுங்க. கேன் தண்ணிதான், காசு குடுத்து வாங்குறது," என்றார். கேன் என்றதும் மீட்டரை எடுத்துச் சொம்பில் முக்கினேன். எழுபத்திரண்டு.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே சொன்னார். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா. இந்த வீட்டுத் தண்ணி ஆகாதுன்னு ஊரு முன்னாடி பேரச் சொல்லிப் படிச்சா, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் அதத்தானே மொதல்ல கேப்பான்? நான் ஒருத்திதான் கேன்லேந்து ஊத்துனேன்னு நெனச்சேன். நீங்க படிக்கப் படிக்கத்தான் தெரியுது, பூரா பேரும் அதத்தான் செஞ்சிருக்காளுங்க."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? நீங்க டம்ளர அப்படியே வச்சுட்டுப் போனீங்க. நாங்க ஏதாச்சும் சொன்னமா?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு செல்வராணி வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். அவள் சாக்கிலிருந்து பாட்டில்களை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வந்ததை முடிப்பதற்குள்ளேயே தலையாட்டினாள்.

"தெரியும்க்கா. மூணாவது வீடு படிக்கையிலயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் எங்க அத்தைங்க, சித்திங்க. நான் எந்திரிச்சுப் பொய்யின்னு சொல்ல முடியுமா?" கழுவின பாட்டிலைக் கவிழ்த்து வைத்தாள். "எந்தப் போர்த் தண்ணியும் எழுபது காட்டாதுன்னு நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்க்கா."

அவள் சொன்னது சரி. முதல் பாட்டிலிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இந்த டெல்டாவில் நூறடி ஆழத்தில் அவ்வளவு சுத்தமான தண்ணீர் எங்கிருந்து வரும்? பத்து பாட்டில் ஒரே மாதிரி இருந்ததால் அது உண்மை என்று எடுத்துக்கொண்டேன். படித்த படிப்பையெல்லாம் பதினோராவது பாட்டிலை மட்டும் சந்தேகப்படச் செலவழித்தேன். மறுபடி அளக்கலாம், நானே போரடியில் நின்று பிடிக்கிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாம்க்கா, இனிமே ஒருத்தரும் பாட்டில் வாங்க மாட்டாங்க, என்று மட்டும் சொன்னாள். வாசல் வரை வந்து யாழினி கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மாசி, பங்குனி நல்ல காலம். அதற்குப் பிறகு குழந்தையோடு வெயில் தாங்காது. பாட்டிலை வீட்டில் கொடுத்துவிட்டு வராதீர்கள், போரடிக்கே போய் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு நீங்களே பிடியுங்கள். பாட்டிலில் வீட்டுப் பேர் வேண்டாம், எண் போதும். கூட்டத்தில் தெருவுக்கே ஒரு அளவாகச் சொல்லுங்கள். எதிர்பாராத அளவுக்கு நல்ல எண் வந்தால், அது உங்களுக்குப் பிடித்த மாதிரி இருந்தாலும் அதையே முதலில் கேள்வி கேளுங்கள். யாராவது டம்ளர் நீட்டினால் ஒரு வாய் குடியுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கரிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும், மீட்டரை எடுப்பதற்கு முன்னாலேயே.

பங்குனி கிராம சபையில் செல்வராணி தண்ணீர் பற்றிப் பேச எழுந்தபோது, மக்களே அளந்த வரைபடத்தைச் சொல்லி அவளை உட்காரவைத்தவர் அவளுடைய சித்தப்பாதானாம். காந்திமதி அம்மா போனில் சொன்னார். அளவுகளை நீக்கச் சொல்லிக் குழுவுக்கு நான்கு முறை எழுதிவிட்டேன். மறு அளவு இல்லாமல் எதையும் நீக்க முடியாது என்கிறார்கள், விதி அப்படி. நீங்கள் இப்போது வரைபடத்தைத் திறந்து மன்னார்குடிக்குக் கிழக்கே பெரிதாக்கிப் பார்த்தால் அந்தத் தெரு தெரியும். வரிசையாகப் பத்து நீலப் புள்ளிகள். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் நான் தட்டிய கேள்விக்குறி. அங்கே உண்மையான அளவு அது ஒன்றுதான்.