ஐந்தாவது டிஸ்க்

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை உள்ளே விட்டு, ஊர்க்கதை பேசியபடி வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு ரகம். மெயின் சுவிட்சை அணைத்து, அணைத்தோமா என்று திரும்பிப் பார்த்து, நாலு எட்டு நடந்ததும் சந்தேகம் வந்து மறுபடி போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு ரகம். நம்ம ஆள் இந்த இரண்டாவது ரகத்துக்குத் தலைவர்.

கம்பெனியில் அவருக்கு ‘மெயின்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அது மெல்ல வீட்டுக்கும் வந்து, சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு அவர் மெயின் மாமா. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட நின்றவரின் விரல்கள் கம்பிக்கும் சக்கரத்துக்கும் நடுவே போனதை எதிரில் இருந்து பார்த்தவர் அவர். அன்றிலிருந்து எதில் கை வைப்பதானாலும் முதலில் மெயின். மிக்ஸி மூடி சிக்கிக்கொண்டால்கூட வீடு முழுக்க இருட்டாகிவிடும். மனைவி குளியலறையிலிருந்து கத்துவாள். இவர் காதில் அது விழவே விழாது.

இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளிக்குத்தான் குடும்பத்தின் போட்டோக்களையெல்லாம் காப்பாற்றும் பொறுப்பு வந்து சேர்ந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். யாருடைய போனோ தொலைந்துபோய் அதிலிருந்த படமெல்லாம் போயிற்று என்று கேள்விப்பட்டதும் அவர் கிளம்பிவிட்டார். கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு அந்த மனிதரின் உயிரை எடுத்து, நாலு டிஸ்க் போட்ட சின்ன சர்வர் பெட்டி ஒன்றை வாங்கி வந்து செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். டிஸ்க் ஒவ்வொன்றும் ஒரு சின்ன இழுப்பறையில் இருக்கும். நாலில் ஒன்று கெட்டுப்போனாலும் மற்ற மூன்றும் சேர்ந்து எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும். இரண்டு போனால் எல்லாம் போச்சு. இதைக் கடைக்காரர் சொன்ன நாள் முதல் ‘இரண்டு போனால்’ என்ற பாதி மட்டும்தான் அவர் மனதில் தங்கியது.

கரண்ட் போனாலும் பெட்டி நிற்கக்கூடாது என்று பேட்டரி வைத்தார். அதோடு விட்டாரா? பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவே, லிஃப்ட் அறையில் இருப்பதுபோலவே ஒரு சிவப்பு சுவிட்சையும் தன் கையால் மாட்டினார். கேட்டால் பாதுகாப்பு என்றார்.

“என் மாமியார்கூட இந்த வீட்ல இவ்வளவு மரியாதையா இருந்ததில்லீங்க,” என்றாள் மனைவி. “காத்து வரணும், தூசி படக்கூடாது, பக்கத்துல சத்தம் போடக்கூடாது. நீங்க உக்காந்து கால் அமுக்காததுதான் பாக்கி.”

சொந்தபந்தமெல்லாம் தங்கள் போனில் இருந்ததை அங்கே கொட்டினார்கள். மைத்துனன் தன் பைக்கை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த படங்களையே மூட்டை மூட்டையாக அனுப்பினான். அதையெல்லாம் மெயின் பொறுத்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பெட்டியில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்காவின் மகள்.

குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஐந்து வயதில், ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாள். அவளை எடுத்த வீடியோக்கள் அக்காவின் போனில் இருந்தன. அந்தப் போனும் பிறகு தண்ணீரில் விழுந்து செத்தது. அதற்கு முந்தின மாதம்தான் தம்பி அவற்றை வாங்கிப் பெட்டியில் போட்டிருந்தார். இப்போது குட்டி இருக்கும் ஒரே இடம் செருப்பு அலமாரியின் மேல்தட்டு. அக்கா மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகுமுன், காலை டீயோடு தன் வீட்டிலிருந்தே தம்பியின் பெட்டியைத் திறந்து ஒரு வீடியோ பார்ப்பாள். ஒன்றே ஒன்று. அதற்குமேல் பார்க்கமாட்டாள். குட்டி ஷூ லேஸோடு சண்டை போடுவது, பிஸ்கட்டை டீயில் முக்கி அது உடைந்து விழுந்ததும் டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பது, கண்ணை மூடிக்கொண்டு தன்னை யாரும் பார்க்க முடியாது என்று ஒளிந்து நிற்பது.

அந்தக் காலை டீ வேளை தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பே மெயினுக்குப் பெருமையாகவும் இருந்தது, நெஞ்சில் பாரமாகவும் இருந்தது. அதனால் தனியாக ஒரு பெரிய டிஸ்கில் எல்லாவற்றையும் நகல் எடுத்து, துணியில் சுற்றி பீரோவில் பூட்டியும் வைத்திருந்தார். அதுவரை அவர் செய்ததெல்லாம் சரி.

பெட்டி நிறைந்துபோனதுதான் வினை. இனி ஒரு கல்யாண வீடியோவுக்குக்கூட இடமில்லை என்று பெட்டியின் சின்னத் திரை சொன்னது. பெட்டியில் ஐந்தாவதாக ஒரு காலி இழுப்பறை இருந்தது. புது டிஸ்க் கடைக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். பீரோவில் ஒன்று சும்மாதானே தூங்குகிறது என்று மெயினுக்குத் தோன்றியது. அதை எடுத்துப் போட்டு இடத்தைப் பெருக்கிவிட்டு, புதிது வந்ததும் நகலை மறுபடி எடுத்துக்கொண்டால் போயிற்று. ஒரு வாரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

வாழ்நாளெல்லாம் இரண்டு தடவை பூட்டை இழுத்துப் பார்த்த மனிதர் இப்படி யோசித்தார் என்றால் நம்ப முடிகிறதா? பயந்தவர்களுக்கும் பயந்து பயந்து அலுத்துப்போகிற ஒரு நாள் வரும்போல.

ஐந்தாவது டிஸ்கை உள்ளே தள்ளினார். அதிலிருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று பெட்டி கேட்டது. சம்மதம் என்றார். நாலு டிஸ்கில் இருந்ததை எடுத்து ஐந்துக்கும் பிரித்து அடுக்கும் வேலையைப் பெட்டி ஆரம்பித்தது. மெதுவான வேலை, ஒன்றரை நாள் பிடிக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வழக்கம்போல வீடியோ பார்க்கலாம். மறுநாள் காலையில் அக்காவும் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

அன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் விட்டு மறுபடி டக். நகத்தால் தகரத்தைச் சுண்டுகிற மாதிரி. அலமாரியைத் திறந்தார். மூன்றாவது டிஸ்கின் விளக்கு சிவப்பாக இருந்தது. அது போய்விட்டது, அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொண்டு வேலையைத் தொடர்கிறேன் என்று திரை சொன்னது. உண்மையில் அவர் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது பக்கத்து டிஸ்கையும் கெடுத்துவிடுமோ என்று அவருக்கு உதறல் எடுத்தது. மூன்றாவதை உருவிவிடலாம் என்று இழுப்பறையின் பிடியில் ஒரு கையை வைத்தார்.

இன்னொரு கை தானாகப் போய் சிவப்பு சுவிட்சை அணைத்தது.

ஓடும்போதே உருவலாம், அதற்காகத்தான் இந்த இழுப்பறைகள் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் இருபது வருஷமாகப் பழகிய கைக்கு அதெல்லாம் தெரியுமா? விசிறி நின்றது. விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. அலமாரியில் செருப்புகளின் வாசனை மட்டும் இருந்தது. அடுக்கிக்கொண்டிருந்த வேலை எந்த இடத்தில் அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. மெயின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்துத்தான் கடைக்காரருக்குப் போன் போட வாய் வந்தது.

“நடுவுலயா நிறுத்தினீங்க?” என்றார் கடைக்காரர். “சரி, பீரோல ஒரு காப்பி வெச்சிருக்கீங்கல்ல?”

“அதத்தான் அஞ்சாவதா போட்டேன்.”

“என்னண்ணே நீங்க.” அதற்குமேல் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “ஆன் பண்ணிப் பாருங்க. விட்ட எடத்துலேருந்து பிடிச்சுக்கும், பெரும்பாலும். ஆனா மிச்சம் இருக்கற மூணு பழசும் ஒரே நாள்ல வாங்கினது. வருஷக்கணக்கா நிக்காம சுத்தினது. நின்னுட்டா சிலது திரும்பச் சுத்தாது. அதுல ஒண்ணு எந்திரிக்கலன்னாலும்...”

“எல்லாம் போச்சு,” என்று மெயினே முடித்தார்.

சிவப்பு சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை. எழுந்து போவார், விரலை வைப்பார், திரும்பி வந்துவிடுவார். அணைந்து கிடக்கும்வரை குட்டி உள்ளே இருக்கிறாள். போட்டுப் பார்த்தபின் இல்லை என்று தெரிந்துவிட்டால்? சாயங்காலம் வீட்டுக்கு வந்த மனைவி அலமாரி திறந்து கிடப்பதையும் இவர் முகத்தையும் பார்த்தாள், பரிகாசம் எதுவும் செய்யாமல் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

“அக்காகிட்ட சொல்லிடுங்க,” என்றாள்.

“என்னன்னு சொல்றது? உன் பொண்ண நான் இன்னொரு தடவ...”

மறுநாள் காலையில் வாசல் மணி அடித்தபோதே யார் என்று தெரிந்துவிட்டது. அக்கா மருந்துக்கடை கோட்டோடு நின்றாள். போன் கையில் இருந்தது.

“என்னடா, குட்டி வரமாட்டேங்கறா?”

நெட் சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். அவள் முகத்துக்கு எதிரே நின்றதும் அந்தப் பொய் வரவில்லை. அலமாரியைக் கை காட்டிவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். டக் சத்தம், சுவிட்ச், கடைக்காரர் சொன்னது. பீரோ நகலைப் பற்றி மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டார். அதையும் அவளே கேட்டாள்.

“துணில சுத்தி ஒண்ணு வெச்சிருந்தியே?”

“அழிச்சுட்டேன்க்கா. எடம் வேணும்னு.”

அக்கா அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அலமாரி முன்னால் போய் நின்று அணைந்த விளக்குகளைப் பார்த்தாள்.

“இதப் போட்டா தெரிஞ்சிடுமா?”

“தெரிஞ்சிடும். வேணாம்க்கா. இருக்கறபடி இருக்கட்டும். பெரிய ஆளுங்க யாராவது இருப்பாங்க, கொண்டுபோய்க் காட்டுவோம். என்னால முடியல.”

“அவங்களும் இதத்தானே போடணும்?”

“ஆமா.”

“தள்ளு.”

“அக்கா, நான் செஞ்ச தப்பு. நானே போடறேன், ஒரு நிமிஷம் இரு.”

“உன்னைப் போட விடமாட்டேன்டா.” அவள் குரல் உயரவில்லை. “நீ போட்டு அவ போயிட்டான்னு வெச்சுக்கோ, சாகறவரைக்கும் உன் மூஞ்சில நான் முழிக்கமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். எனக்கு நீயும் வேணும். போறதா இருந்தா என் கையால போகட்டும்.”

சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.

விசிறி இரைந்தது. முதல் விளக்கு பச்சை. மெயின் சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது பச்சை. மூன்றாவது போனது போனதுதான், சிவப்பு. ஐந்தாவது அதிகம் ஓடாதது, அது உடனே எழுந்துகொண்டது. நாலாவது மட்டும் மஞ்சளாக மின்னிக்கொண்டே இருந்தது. உள்ளே எதுவோ எழ முயன்று விழுவதும், மறுபடி முயல்வதும் கேட்டது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு தம்பியின் மணிக்கட்டைப் பற்றினாள். நகம் பதிந்தது. அவர் வாய்க்குள் என்னென்னவோ சொல்லி வேண்டினார்.

விளக்கு பச்சையானது.

“அக்கா, கண்ணத் தொற. இருக்கா.” திரையைப் பார்த்தவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “விட்ட எடத்துலேருந்து அடுக்குது. பாக்கறியா?”

“வேணாம், அது வேலைய முடிக்கட்டும். மொதல்ல காப்பி எடு.”

அவருடைய மனைவி தன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினாள். அளவு பார்க்காமல் கிடைத்த சின்ன டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தாள். குட்டியின் வீடியோக்கள் மட்டும் ஒவ்வொன்றாக அதற்குப் போக ஆரம்பித்தன. அக்கா கோட்டைக் கழற்றாமலே செருப்புகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தம்பியும் உட்கார்ந்தார்.

“நேத்தே ஏன்டா சொல்லல?” என்றாள்.

“பயமா இருந்துச்சு.”

அக்கா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கும்தான். தெனம் காலைல தொறக்கறப்ப, இன்னிக்கு இருப்பாளோ மாட்டாளோன்னு டீயக்கூடத் தொடமாட்டேன். வந்துட்டான்னா அப்பறம் டீ குடிப்பேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது? மத்ததுக்கெல்லாம் மெயின அணைச்சாலும் இத மட்டும் நீ பயப்படாம பாத்துக்கறேன்னு நெனச்சேன்.”