வலிக்காத புண்ணைத் தேடியவர்

ஆம்பூரிலிருந்து தந்தி வந்தபோது, வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். தேவசகாயம் அவர்கள் விடியற்காலையில் காலமானார்கள், மாலையில் அடக்கம் என்று இருந்தது. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். கட்டை முடித்தேன். மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியைக்கூட ஒப்படைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்குத் துளியும் வலிக்கவில்லை.

அவரும் நானும் பதினொரு வருஷம் ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் பரிசோதனை அறையில். நான் புண் கட்டும் டிரெஸ்ஸர். அவருக்கு டாக்டர் பட்டம் கிடையாது. ஒரு பழைய மைக்ராஸ்கோப்பும், டாக்டர் படித்துவிட்டுத் தள்ளிய சீமைப் பத்திரிகைகளும்தான் அவருடைய சொத்து. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றை வரி வரியாகப் படிப்பார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘டிரெஸ்ஸரே’ என்பார், பாதி மரியாதை, பாதி கிண்டல்.

எனக்கு அந்த நாளில் கத்தியின் மேல் தலைகால் தெரியாத கர்வம். எந்தக் கட்டி வந்தாலும் கீறிவிடுவேன். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தோல் மண்டியில் பச்சைத் தோல் சுமந்த ஒருவர், கழுத்தில் கருத்த கொப்புளத்தோடு வந்தார். அதன்மேல் சுண்ணாம்பு தடவியிருந்தார். “வலி இல்லீங்க, வீக்கம்தான் ஜாஸ்தி” என்றார். கீறினேன். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

தேவசகாயம் அவர்கள் என்னைத் திட்டவில்லை. மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்கள். அந்தக் கொப்புளத்து நீரில், மூங்கில் கழிகளை முனையோடு முனை சேர்த்து அடுக்கியது போலக் கிருமிகள் கிடந்தன.

“மாட்டுக்கு அடைப்பான் வருதே, அதே பூச்சிதான். செத்த மாட்டோட தோல்ல ஒட்டிக்கினு வருது. கீறினா ரத்தத்துல கலந்துடும். சீமையில இதக் கண்டுபுடிச்சு எத்தினியோ வருஷமாச்சு டிரெஸ்ஸரே. ஆம்பூர் மண்டிக்குத்தான் இன்னும் வந்து சேரல.”

அந்தச் சேதியை மண்டிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அதன்பிறகு அவருடைய வேலையாயிற்று. கொப்புளத்தோடு வரும் ஒவ்வொருவரிடமும் ‘வலிக்குதா?’ என்று கேட்டு, பதிலை அந்தக் கொப்புளத்து நீர் தடவிய கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் எழுதி ஒட்டினார்கள். இரண்டு வருஷம் ஒட்டினார்கள். அந்தக் கிருமி இருந்த தகடுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் ‘வலி இல்லை’ என்றே இருந்தது. எங்கள் ஜனங்களோ வலித்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். வலிக்காவிட்டால் தோல் ஊறவைக்கும் தொட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். சாவு அந்த இடைவெளியில் புகுந்துகொண்டிருந்தது.

டாக்டரை விடாமல் நச்சரித்து, குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் என்ற ஊசிமருந்தைச் சென்னையிலிருந்து தருவித்தார்கள். சனிக்கிழமைதோறும் மண்டி வாசலில் போய் நின்றார்கள். வேலை விட்டு வருகிறவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டி, கழுத்தைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். எல்லோருக்கும் ஒரே பாடம்: “வலிச்சா நாளைக்கு வா. வலிக்கலன்னா இப்பவே ஓடி வா.” மண்டி ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பைத்தியக்கார சார் என்று பெயரும் வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அவர் கையோடு பிடித்துக்கொண்டு வந்தது, மண்டியில் வேலை பார்த்த என் தம்பி மாசிலாமணியை. முழங்கையில் கருத்த கொப்புளம்.

“இன்னாண்ணா, வலியே இல்ல. இதுக்குப் போயி சார் பேஜார் பண்றாரு.”

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. எல்லாம் தெரிந்திருந்தும் கை கத்தியைத்தான் தேடியது. அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

“கத்திய வைங்க. டாக்டர் ஊசி போட வர்றாரு. உம்ம தம்பி எனக்கும் தம்பிதான்யா.”

“குதிர ரத்தமா?” என்று தம்பி அலறினான். ஐந்து நாள் அவன் கட்டிலருகே நாங்கள் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். ஆறாம் நாள் எழுந்து கஞ்சி கேட்டான். அதற்குப் பிறகு மண்டியில் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு வேலூருக்கு மாற்றல் ஆன நாளிலிருந்து, அடுத்த மாதம் ஒருநடை போய் அவரைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. பக்கத்து ஊர்தான். இனி யார் என்னை டிரெஸ்ஸரே என்று கூப்பிடுவார்கள்? அந்தக் குரலை ஒருதரம் கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். மூடவில்லை. மண்டி ஆட்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தவர் தயங்கி நின்றார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, பெட்டியில் கிடந்தவரின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, கழுத்தைத் திருப்பிக் காட்டிவிட்டு நகர்ந்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாசிலாமணி தன் முழங்கைத் தழும்பைக் காட்டினான்.

கடைசியில் நான். சட்டைக் கையைச் சுருட்டி அவருக்கு நேரே நீட்டினேன்.

“வலிக்குது சார்” என்றேன்.

நாளைக்கு வா என்று சொல்ல அவர் இல்லை.