கட்டிவிட்டுப் போன கயிறு

பாறை ஏற ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அவள் தொழில். தெரிந்தவர்கள் அவளைப் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். செங்குத்துப் பாறையில் அவள் ஒட்டிக்கொண்டு போகிற அழகுக்கு வைத்த பெயர் அது. குரங்கு என்று வைக்காமல் விட்டார்களே, அதுவரைக்கும் புண்ணியம் என்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து மேலே ஏறுவது அவள், கீழே நின்று கயிற்றைப் பிடிப்பது வீட்டுக்காரர். ஒரு முனை அவள் இடுப்பில் இருக்கும். கயிறு உச்சியில் இருக்கிற வளையத்தில் நுழைந்து திரும்பவும் கீழே அவர் கைக்கு வரும். அவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்தான் அவள் இறங்க முடியும். வீட்டில் இரண்டு பேரும் எலியும் பூனையும்தான். ஹெல்மெட்டுகளும் கயிறுகளும் கிடக்கிற முன்னறையில் தினமும் சண்டை நடக்கும். பாறையடிக்கு வந்துவிட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும்.

"கீழ நிக்கிறது என் ஆளு. நான் எதுக்குப் பயப்படணும்?" என்று வந்தவர்களிடம் பெருமையடிப்பாள். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிற ஆள் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பாறையின் ஒரு பக்கம் கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கடியில் முறம் முறமாக மலைத்தேனீக் கூடுகள். சென்ட் பூசாதீர்கள், புகை பிடிக்காதீர்கள், கத்தாதீர்கள் என்று வருகிறவர்களிடம் படித்துப் படித்துச் சொல்வாள். ஒரு நாள் வந்த கும்பலில் ஒருவன் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, அவள் மேலே போனதும் பையிலிருந்து ட்ரோனை எடுத்துப் பறக்கவிட்டான். அது நேரே போய்க் கூட்டை உரசியது. பல்லி அப்போது பாதி இறங்கியிருந்தாள்.

"இறக்குய்யா! சீக்கிரம் இறக்கு!"

கயிறு ஒரு முழம் இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. குனிந்து பார்த்தாள். வீட்டுக்காரர் கயிற்றை மரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல முடிச்சுதான், அவள் கற்றுக்கொடுத்தது. போட்டு முடித்ததும், வந்தவர்களுக்கெல்லாம் முன்னால் ஓடினார்.

அவள் அந்தரத்தில் தொங்கினாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. முகத்தைச் சட்டைக்குள் புதைத்துப் பார்த்தாள். தேனீக்கள் சட்டைக்குள்ளும் வந்தன. காதில், உதட்டில், இமையில் என்று இடம் பாக்கி வைக்காமல் கொட்டின. ட்ரோன் விட்ட பிள்ளையாண்டான் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதையும் படம் பிடித்தான். எல்லாம் அடங்கிய பிறகு வீட்டுக்காரர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்து முடிச்சை அவிழ்த்தார்.

உயிர் தங்கியது, வலது கண் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "கட்டிட்டுத்தானே போனேன்? விட்டுட்டா போனேன்?"

பயந்த பிறவி, அவரால் நிற்க முடியாது, குட்டையாகப் பிறந்தவனை ஏன் வளரவில்லை என்று கேட்க முடியுமா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தில்தான் அதற்குப் பிறகும் அவருக்குத் தட்டு வைத்தாள்.

ஒற்றைக் கண்ணில் பாறையின் ஆழம் தெரியவில்லை. பிடி இருக்கிறது என்று நீட்டின கைக்குக் காற்றுதான் அகப்பட்டது. அதனால் அவள் இடத்துக்கு மகள் வந்தாள். முதல் நாள் பல்லி தானே கயிற்றை எடுத்துக் கீழே நின்று பிடிக்கப் போனாள்.

"உன் கயிறு என்கிட்ட இருக்கட்டும்டி. கண்ணை மூடிக்கிட்டுக்கூடப் பிடிப்பேன்."

மகள் வந்தவர்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, உன்னைப் பாத்தாலே அவங்க பயப்படுறாங்க. அப்பா பிடிக்கட்டும். நீ போய் பையெல்லாம் பாத்துக்கோ."

பைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மகளைப் பார்க்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை ஓடினால் தொங்கப்போவது அவள் பெற்ற பிள்ளை.

மகள் பாதி இறங்கும்போது பாறையிடுக்கிலிருந்து ஒரு விரியன் வெளியே வந்தது. நேரே அவர் காலடியில் சுருண்டு சீறியது. வந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு சிதறினார்கள். பல்லி கயிற்றைப் பிடிக்க எழுந்து ஓடினாள்.

"கிட்ட வராதே! அது மிரண்டுடும்!" என்றார்.

அவர் காற்சட்டை நனைந்தது. மரம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதன் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. பாம்பின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், முழம் முழமாகக் கயிற்றை விட்டு, சற்றுத் தள்ளியிருந்த ஒரு திட்டில் மகளை இறக்கினார். அவள் கால் ஊன்றிவிட்டாள் என்று தெரிந்த பிறகும் அசையாமல் நின்றார். பாம்பு தானாக அலுத்துப்போய்ப் புதருக்குள் போனது.

மகள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் ஈரக் காற்சட்டையோடு மாப்பிள்ளை முறுக்கில் பெண்டாட்டியிடம் வந்தார்.

"பாத்தியா? ஒரு அடி நகரலையே நான்!"

மகள் பிழைத்தாள் என்ற சந்தோஷம் அவளுக்கு நெஞ்சு கொள்ளாமல் இருந்தது. இருந்தும், அந்த மனிதரை அவள் வெறுத்தது அந்த நிமிஷத்தில்தான். கொட்டு வாங்கித் தொங்கியபோதுகூட அப்படி வெறுத்ததில்லை.

"பாத்தேன்," என்றாள். "உனக்கு நிக்கத் தெரியாதுன்னு நெனச்சுதான்யா இவ்வளவு நாளும் உன்கூடக் குடும்பம் நடத்தினேன்."