ஜொய்

பழைய தலையணையைப் பிரித்தபோது எழுந்த பஞ்சு வாசத்தில், கோவையில் எப்போதோ இடித்துவிட்ட எங்கள் மில் லைன் வீடுகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அங்கே இரவு ஷிப்ட் முடித்த அப்பாக்கள் புருவத்தில் பஞ்சோடு வந்து பகல் முழுக்கத் தூங்குவார்கள். "சத்தம் போடாதீங்க கண்ணு, அப்பா இப்பத்தான் படுத்தாரு" என்று எல்லா வாசலிலும் ஓர் அம்மா நிற்பாள். ஆகவே நானும் பக்கத்து வீட்டுச் செல்வியும் மூச்சுக் காற்றிலேயே சொல்லிவிடக்கூடிய ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தோம்: ஜொய். கொய்யா பழுத்திருந்தாலும் ஜொய், பசித்தாலும் ஜொய், யாருடைய அப்பாவாவது புரண்டு படுத்தாலும், அவள் வீட்டில் சண்டை நடந்திருந்தாலும் ஜொய்தான். எது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மில்லை மூடியபிறகு பகலில் யாரும் தூங்கவில்லை. "இனி எவ்வளவு வேணும்னாலும் கத்தி வெளையாடு கண்ணு" என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு. அதற்குள் லைனில் பாதி வீடு காலி. காங்கேயத்துக்குச் சாமான் ஏற்றிய டெம்போவின் பின்னாலிருந்து செல்வி கடைசியாக ஜொய் என்று வாயசைத்தாள். என் கண்ணில் தண்ணீர் நின்றதால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

இப்போது என் மகன் அமெரிக்கக் கம்பெனிக்காக இரவெல்லாம் விழித்திருந்து வேலை செய்துவிட்டு உள்ளே தூங்குகிறான். குக்கர் விசில் வருமுன் அடுப்பை அணைத்துவிட்டு, சிந்திய பஞ்சைப் பொறுக்கினேன். பசித்தது.

"ஜொய்" என்றேன், அவன் எழுந்துவிடாத அளவுக்கு மெதுவாக.