மாலை போடாத நடை

பெங்களூரில் இருக்கும் மகள் போனில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாள். காட்டுக்குள் நடந்து, அப்படியே கடற்கரையோரமாகப் போகிற பயணமாம். தொப்பி உண்டு, தனி ஷூ உண்டு, கூட வர ஆள் உண்டு. படத்தில் மரங்கள் தண்ணீர் வரைக்கும் இறங்கி நின்றன. எனக்கு இந்தப் படத்தைத் தெரியும். இதே படம் இல்லை, இதன் அக்கா. சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் இருந்தபோது நாளெல்லாம் அதற்குத் தகரம் அடித்திருக்கிறேன்.

தகரம் அடிப்பது என்றால், காலண்டரின் தலையில் தகரப் பட்டையை வைத்து மிஷினை மிதிப்பது. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. மை வாசம் சோற்றில்கூட அடிக்கும். எதிரே பேச்சி உட்கார்ந்திருப்பாள். என் வயசுக்காரி, மல்லாங்கிணற்றிலிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். நாங்கள் இருவரும் கடலைப் பார்த்ததே இல்லை.

ஒருநாள் அந்தப் படத்தில் விரலை வைத்து, "காடு இம்புட்டுப் பச்சையாவா புள்ள இருக்கும்?" என்றாள். நியாயமான சந்தேகம். எங்கள் பக்கம் காடு என்றால் வெயில் காயும் கரிசல் நிலம். பருத்தி, கம்பு, ஓரத்தில் ஒரு வேலிக்கருவை, அவ்வளவுதான். காட்டில் மரம் அடர்ந்திருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை நாங்கள் நம்பியதேயில்லை.

லோடு ஏற்ற வரும் டிரைவர் அண்ணன்தான் வழி சொன்னார். "உடன்குடிப் பக்கம் எறங்குங்க. மொதல்ல தேரிக்காடு, செம்மண்ணு. அதத் தாண்டுனா சவுக்குக் காடு, அதுக்கங்கிட்டு கடல். கரையப் புடிச்சு வடக்க நடந்தா திருச்செந்தூர்." அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சுதான். எங்கே இறங்குவது, எதைக் கட்டிக்கொண்டு போவது என்று பேசியே போகிற சுகத்தில் பாதியை உட்கார்ந்த இடத்திலேயே அனுபவித்துவிட்டோம்.

சீசன் முடிந்து தை பிறந்ததும் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டோம். "திருச்செந்தூருக்கா? மாலை போட்டாச்சா? போயிட்டு வாங்கம்மா," என்றார்.

"மாலையெல்லாம் இல்ல அண்ணாச்சி. சும்மா நடக்கப் போறோம்," என்றாள் பேச்சி.

"சும்மாவா? ரெண்டு கொமரிப் புள்ளைக சும்மா எதுக்கு நடக்கணும்?" அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. பிறகு முகம் மாறியது. "சாமிக்குன்னா சரி. சும்மான்னா லீவு கெடையாது. மீறிப் போனா அப்படியே நின்னுக்கிடுங்க."

வீட்டில் அம்மா இன்னும் நேராகச் சொன்னாள். "மஞ்சச் சேலையக் கட்டி ஒரு மாலையப் போட்டுக்கோ, ஒருத்தரும் கேக்க மாட்டாக. இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்கு வருசா வருசம் நான் என்ன, வேண்டுதலுக்குத்தான் நடக்கேங்கியா?"

எனக்கு அது சரியென்றே பட்டது. ஒரு மாலை, வேலையும் மிஞ்சும், கடலும் கிடைக்கும். பேச்சி மாட்டேன் என்றாள். "சாமிக்குன்னு நேந்தா அந்த நடை சாமிக்குச் சேந்துரும். இது எனக்கு வேணும்."

"வேலை போயிருமே?"

"எதுத்த கம்பெனியிலயும் தகரந்தான் அடிக்காக."

எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் சொன்னபிறகு எனக்கும் அது வேண்டியிருந்தது. மாலை போட்டவர்கள் செருப்புப் போட மாட்டார்கள். ஆகவே நாங்கள் செருப்புப் போட்டே போவதென்று முடிவு செய்தோம். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

தேரி மணல் அந்த வீம்பை நாலு எட்டில் அடக்கிவிட்டது. செருப்பு புதைந்தது, வார் அறுந்தது. அறுந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளங்கால் பொசுங்க ஓடினோம். தூரத்தில் பார்த்தவர்கள் கடுமையான விரதம் என்று கும்பிட்டிருப்பார்கள். சவுக்குக்குள் நுழைந்ததும் ஒரு இரைச்சல் கேட்டது. "கடலு," என்றேன். பேச்சி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். காற்று மரத்தில் போட்ட சத்தம் அது. இன்னும் கொஞ்சம் நடந்த பிறகுதான் கடல் வந்தது.

அலையில் கால் நனைய வடக்கே நடந்தோம். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றும் இல்லை, மகள் பிறந்தபோதும் இல்லை. சொன்னால் கோபிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. கோபுரம் தெரிந்ததும் பேச்சி நின்று கும்பிட்டாள். "என்ன வேண்டுன?" என்றேன். "ஒண்ணுமில்ல. பாத்தேன், கும்பிட்டேன்," என்றாள்.

திரும்பி வந்தபோது எங்கள் இடத்தில் வேறு இரண்டு பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்த கம்பெனிக்குப் போனோம். அங்கேயும் தகரம்தான்.

இப்போது அந்த இரண்டு கம்பெனியும் இல்லை. பேச்சி திருப்பூரில் இருக்கிறாள், தீபாவளிக்கு மட்டும் போனில் வருவாள். போன வருஷம் நான் தனியாக உடன்குடியில் இறங்கி நடந்தேன். சவுக்கு நின்ற இடத்தில் ஒரே மொட்டை வெளி, குறுக்கே ஏதோ திட்டத்துக்கென்று நீளமாக எழுப்பிய காம்பவுண்ட் சுவர், ஒரு கேட். காவல்காரர் நல்ல மனிதர், உட்கார நாற்காலி தந்தார்.

"எதுக்கும்மா உள்ள போகணும்?"

"நடக்க."

"நடக்கன்னா விட மாட்டாக. நேர்த்திக்கடன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தொறந்து விட்டுருதேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. இந்த முறை அது கடல்தான், இரைவதற்கு ஒரு மரம்கூட இல்லையே. அவர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. கடலைப் பார்க்காமலே திரும்பினேன்.