அம்மாவுக்கு ஒரு நல்ல வரி

எங்கள் சபையில் இதுவரை கெட்டவர் யாரும் செத்ததில்லை. உயிரோடு இருக்கும்போது கெட்டவர்கள் வேண்டிய மட்டும் இருந்தார்கள். கிணற்றடியில் ஒருவர் மயிரை ஒருவர் பிடித்துக்கொண்டவர்கள், மருமகளைத் தாய்வீட்டுக்கே அனுப்பாதவர்கள், பிரசங்கம் நீண்டால் சத்தமாகக் கொட்டாவி விட்டவர்கள், எல்லாரும் இருந்தார்கள். ஆனால் பெட்டியில் வைத்துத் தூக்கிவந்து ஆலயத்தின் நடுவில் இறக்கி, வீட்டார் ஒருவர் எழுந்து வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க ஆரம்பித்தால் போதும், அத்தனை பேரும் சாந்த சொரூபிகள் ஆகிவிடுவார்கள். பொறுமையின் சிகரம், அன்பின் உறைவிடம், சபையின் தூண். பல்லாவரத்துக் கல்லறைத் தோட்டத்தில் இத்தனை தூண்களைப் புதைத்தும் எங்கள் ஆலயத்தின் கூரை ஒழுகுவது நிற்கவில்லை.

அம்மாவுக்கு வாழ்க்கைக் குறிப்பு என்றாலே கட்டோடு பிடிக்காது. ஆனால் ஒரு அடக்க ஆராதனையையும் விடமாட்டாள். தெரிந்தவர், தெரியாதவர், கீழ்க்கட்டளையிலிருந்து வந்து எங்கள் தோட்டத்தில் இடம் கேட்டவர், யாராக இருந்தாலும் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவாள். குறிப்பு வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வாள். பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று நினைப்பார்கள். தோள் குலுங்குவது எதற்கென்று பக்கத்தில் இருக்கும் எனக்குத்தான் தெரியும்.

ஒருமுறை, சண்டே ஸ்கூல் பிள்ளைகளைப் பிரம்பால் விளாசித் தள்ளிய ஒரு வாத்தியாரைக் "குழந்தைகளின் தோழர்" என்று வாசித்துவிட்டார்கள். பொழிச்சலூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு ரிக்‌ஷாவில் திரும்பும்போது அம்மா வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். எங்களுக்கு எப்போதும் வண்டி ஓட்டும் ரிக்‌ஷாக்காரருக்கே பொறுக்கவில்லை.

"இன்னாமா இது, சாவுக்குப் போய்ட்டு சிரிச்சிகினு வர்றீங்க?"

"செத்தவரு வேற, பொதைச்சவரு வேறப்பா. அதான் சிரிக்கறேன்."

அம்மாவின் இந்தச் சிரிப்புக்கு ஆரம்பம் அப்பாவின் சாவு. அறுபதுகளின் தொடக்கத்தில், நான் தாம்பரத்தில் டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா திடுதிப்பென்று போய்விட்டார். அண்ணன்தான் குறிப்பு எழுதி வாசித்தான். "ரயில் பயணத்திலும் வேதத்தைக் கைவிடாதவர்" என்று அதில் ஒரு வரி. அம்மா முதல் பெஞ்சில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சபைப் பெண்கள் அதை நாலு வருஷம் பேசினார்கள்.

பிறகு ஒருநாள், நான் கேட்காமலே, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"எனக்கு அன்னைக்கு அழுகையே வரலடி. யாரோ ஒரு மகானைப் பத்திப் படிச்சுகிட்டு இருந்தான் உங்கண்ணன். எனக்கு அந்த மகானைத் தெரியாது. ரயில்ல வேதமாம். பல்லாவரத்துல ஏறினா பீச் ஸ்டேஷன் வரைக்கும் உங்கப்பா கையில இருந்தது சீட்டுக்கட்டு. மடியில துண்டை விரிச்சு நாலு பேரா ஆடுவாங்க. ஜெயிச்ச அன்னைக்கு வாசல்லயே விசில் கேக்கும். அந்த மனுஷனை நான் பெட்டியில தேடிகிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் அவரு வரல."

அப்புறம் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் போனா நீதான் படிக்கணும். பெட்டிக்குள்ள என்னைத்தான் வைக்கணும். வேற எவளையாவது வெச்சே, எழுந்து வந்துருவேன்."

நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அம்மா அதோடு விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போதகரிடம், அண்ணனை வைத்துக்கொண்டே, "ஐயரே, எனக்கு என் மகதான் படிப்பா" என்று சொல்லிவிட்டாள். அவர் "அதுக்கு இன்னும் நாள் இருக்கும்மா" என்று நெளிந்தார். அண்ணன் சபைக் கமிட்டியில் இருப்பவன், சட்டைக் காலர் கசங்கினால்கூட வருத்தப்படுகிறவன். அவன் முகம் அப்போதே சுருங்கியது.

அம்மாவைப் பற்றிப் பொய் எழுதுவதுதான் கஷ்டம், உண்மை தாராளமாகக் கிடைத்தது. திட்டுவாள். காலையில் பால்காரரில் ஆரம்பித்தால் சாயங்காலம் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வரைக்கும் எல்லாருக்கும் உண்டு. சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பக்கத்து வீட்டு பாயோடு வருஷக்கணக்கில் சண்டை. குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் எங்கள் ஒவ்வொருவரையும் பற்றிப் புகார் சொல்வாள், நாங்கள் ஆமென் போட வேண்டும். மாமியாரோடு பேச்சுவார்த்தை கிடையாது. தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து "சாப்பாடு ஆறுது" என்பாள்.

அவள் திட்டுகிற முறை இன்னும் மோசம். நாங்கள் என்ன செய்துவிட்டு வந்தாலும் உடனே திட்டமாட்டாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், ஆனால் "மொதல்ல சாப்பிடு" என்று தட்டைப் போடுவாள். திட்டு கை கழுவின பிறகுதான். தூக்குமேடைக்குப் போகிறவனுக்கு விருந்து வைக்கிற மாதிரி இருக்கும். கணக்கில் ஃபெயிலான அன்றைக்கு அண்ணன் சோற்றை ஒவ்வொரு பருக்கையாக எண்ணிச் சாப்பிட்டான். நானாக இருந்தால் மோர் கேட்பேன், மறுபடி ரசம் கேட்பேன், மறுபடி மோர் கேட்பேன். அவளும் அசராமல் ஊற்றிக்கொண்டே இருப்பாள். கையைக் கழுவித் துடைத்தவுடன் பிடித்துக்கொள்வாள் பாருங்கள், அப்பப்பா, பொழிச்சலூர் முழுக்கக் கேட்கும்.

பேரப்பிள்ளைகள் வந்த பிறகு அவர்கள் எங்களைவிடச் சாமர்த்தியசாலிகள் ஆகிவிட்டார்கள். அண்ணனுக்குப் பெண் ஒன்று, பையன் ஒன்று. சின்னவன் டவுசர் பையில் எப்போதும் பொட்டுக்கடலை வைத்திருப்பான். பாட்டி குரல் உயர்ந்ததும் ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, "பாட்டி, நான் சாப்பிட்டுகிட்டு இருக்கேன்" என்பான். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு, இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பாள். கடலை தீருமட்டும் அவனுக்கு ஆயுசு.

இதையெல்லாம் எழுதி, எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிறு மதியம் அவளிடமே வாசித்துக் காட்டினேன். கல்யாணமாகித் தாம்பரத்தில் குடியிருந்த நான் ஞாயிறுதோறும் வந்துவிடுவேன். சாக்கடைச் சண்டைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆண்டவரிடம் புகார் சொன்ன இடத்தில் "ஆமா, வேற யாருகிட்ட சொல்றது?" என்றாள். அப்புறம் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. முடித்தபோது தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிதான். இவ்ளோதானாடி நான்?"

"நீதானேம்மா பொய் வேணாம்னு சொன்னே?"

"பொய் வேணாம். நல்லதா ஒரு வரி போடேன். ஒண்ணே ஒண்ணு. நெஜமா இருக்கணும்."

"என்னன்னு போடறது?"

"அதையும் நானே சொன்னா நல்லாவா இருக்கும்? தேடு. இத்தனை வருஷம் என் கையால தின்னிருக்கே இல்ல?"

தேடினேன். பொறுமைசாலி என்று எழுதிக்கொண்டு போனேன், "எந்தப் பெட்டியில எவளை வைக்கப் போறே?" என்றாள். தியாகி என்றேன், "எதைடி விட்டேன் நான்? மீன் தலையைக்கூட விட்டதில்ல" என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தாயைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறவள் நான். நாற்பது நோட்டில் நாற்பது தாய்மார்களும் கருணைக் கடல்கள். என் சொந்த அம்மாவுக்கு ஒரு வரி வரவில்லை. அவள்மேல் எனக்கு உயிர், அது வேறு விஷயம். உயிரை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுத முடியவில்லை என்பதுதான் ஆத்திரமாக வந்தது. போகட்டும், நிதானமாகத் தேடலாம், அம்மா எங்கே போகப் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

அடுத்து வந்த ஒரு மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். காலையில் பால்காரரைத் திட்டிவிட்டு வந்து படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

அண்ணன் என் காகிதத்தை வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் காது சிவந்தது.

"சர்ச்சுல, அத்தனை பேரு முன்னாடி, இதைப் படிப்பியா? நான் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன், அதைப் படி."

"அம்மா கேட்டு சரின்னு சொன்னது இது, அண்ணா."

"கடைசியில என்ன, காலியா விட்டிருக்கே?"

"அங்க ஒரு நல்ல வரி வரணும்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "படி. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

படித்தேன். ரேடியோ செய்திக்காரரைத் திட்டிய இடத்தில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாக்கடைச் சண்டைக்கு ஆலயமே சிரித்தது. மாமியாரும் சுவரும் வந்தபோது வயதான பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அம்மா பெட்டிக்குள் வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. சிரித்தபடியே அழுகிறார்கள், நான் மட்டும் அழவில்லை, ஏனென்றால் எனக்குக் காகிதத்தின் அடிப்பக்கம் தெரிந்தது, அங்கே ஒன்றுமே இல்லை.

"கடைசியாக, எங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். எழுதாததை அந்த நேரத்திலாவது நாக்கு சொல்லிவிடும் என்று ஒரு நப்பாசை. வார்த்தை வரவில்லை, ஏரோப்ளேன் வந்தது. மீனம்பாக்கத்தில் இறங்குவதற்கு எங்கள் கூரையை உரசுகிற மாதிரிதான் போகும். போதகர்கள் பிரசங்கத்தை நிறுத்திக் காத்திருப்பது எங்கள் ஆலயத்தில் வழக்கம். வெறும் வாயை இரண்டு தடவை திறந்து மூடினேன். சத்தம் ஓய்வதற்குள் காகிதத்தை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் போதகர் என் தலையில் கைவைத்தார். "அந்தக் கடைசி வரி இருக்கே, உள்ளத்தைத் தொட்டுடுச்சும்மா." கமிட்டிக்காரர் ஒருவர் அதை அப்படியே எழுதித் தரும்படி கேட்டார், கல்லறைக் கல்லில் வெட்டலாமாம். ரிக்‌ஷாக்காரர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அம்மாவ அப்டியே சொல்லிட்டே நீ. கடசில இன்னா சொன்னே? ஏரோப்ளேன் சத்தத்துல ஒண்ணியும் கேக்கல."

"ஒண்ணும் சொல்லலங்க."

"அட இன்னாமா நீ, பெத்தவளுக்கு நல்லதா ஒரு வார்த்த கெடக்கலியா?"

கிடைக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் அம்மாவை இறக்கும்போதும் மனசு அந்த வரியைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அப்பாவின் பெட்டி முன்னால் அம்மா உட்கார்ந்திருந்த மாதிரிதான் நானும் நின்றேன்.

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சாக்கடைச் சண்டை பாய் வீட்டிலிருந்து சோறும் ரசமும் துவையலும் பாத்திரம் பாத்திரமாக வந்திருந்தன. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன் கரண்டியோடு எதிரில் நின்றான். தாடை இறுகியிருந்தது, நெற்றி நரம்பு புடைத்திருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், இன்றைக்கு எனக்கு இருக்கிறது. ஆனால் அவன் சாதம் போட்டான், ரசம் ஊற்றினான். தட்டு காலியாக, மறுபடி ஊற்றினான்.

சின்னவனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்பா, அத்தையைத் திட்டப் போறேன்னு சொன்னீங்களே, எப்போ திட்டுவீங்க?"

"சும்மா இருடா," என்றான் அண்ணன். "அத்தை சாப்பிட்டு முடிக்கட்டும்."

என் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

எங்கள் அம்மா, ஊரையே திட்டிய எங்கள் அம்மா, வாயில் சோறு இருக்கும்போது ஒரு உயிரைக்கூடத் திட்டியதில்லை. பேசாத மாமியாரைக்கூடச் சாப்பிட விட்டுத்தான் பேசாமல் இருந்தாள். அதைக் குற்றப்பட்டியலில் எழுதி, ஊர் சிரிக்க வாசித்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த வரியை என் கையாலேயே எழுதிவிட்டு, எங்கே எங்கே என்று அவளிடமே போய்க் கேட்டிருக்கிறேன், மக்கு.

அழுகை வந்தது. அடக்க முடியாமல், மூக்கு ஒழுக, தட்டில் சொட்டச் சொட்ட வந்தது. திட்டுக்குப் பயந்து அழுகிறேன் என்று அண்ணன் நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவன் குரல் தணிந்தது.

"அழாத. மொதல்ல சாப்பிடு."

நான் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன். அவன் ஊற்றினான். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் ஊற்றினான். எழுந்து போய்க் கை கழுவ எனக்கு மனசே வரவில்லை.